திருகோணமலைப் பெரியவர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

என்ன உடுப்பு எடுப்பது, நுளம்புக்கு என்ன பூசுவது என்பதெல்லாம் வேறு யாராவது எழுதியிருப்பார்கள். இது, திருகோணமலையில் பிறந்த, வாழ்ந்த, வந்துபோன பெரியவர்களின் தடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று நினைத்து, என்னைப் போல வெளிநாட்டிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு. அங்கே ஓய்வுபெற்ற உறவினர் ஒருவர் இருந்து, அவர் மலர் வெளியிடும் குழு ஒன்றிலும் இருந்தால், கட்டாயம் வாசித்துவிட்டுப் போங்கள்.

கோணேசர் கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். செருப்பைக் கழற்றிய பிறகு மத்தியானக் கல்லில் கால் வைக்க முடியாது. பாதை பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது. கோட்டை இராணுவத்தின் கையில் இருப்பதால் கண்ட பக்கமெல்லாம் படம் எடுக்காதீர்கள். ஆனால் வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். இரட்டை மீன் சின்னமும் தேய்ந்த தமிழ் எழுத்தும் அங்கே கல்லில் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற பழைய அரசன் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்லும் பாட்டு அது. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் போட்டுத்தான் கோட்டையைக் கட்டினான். இடிந்ததில் ஒரு பங்கு கடலுக்குள் கிடக்கிறது. 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் மலையடியில் சுழியோடி அந்தக் கற்களைக் கண்டார்கள். இப்போது நாம் கும்பிடும் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல்.

ஏழாம் நூற்றாண்டில் கோணமாமலையைப் பதிகம் பாடிய திருஞானசம்பந்தர் இந்தப் பக்கமே வந்ததில்லை, இராமேஸ்வரத்தில் நின்று பாடினார் என்பது மரபு. வராமலே ஊரைப் பாடியவர் என்று மகளுக்கு விளங்கப்படுத்தினேன். “அப்ப உங்களைப் போல” என்றாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இப்படியும் கேட்கவேண்டி வரும்.

எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய இடுகாட்டில் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ல்ஸ் ஆஸ்டின் கிடக்கிறார். பிரித்தானியக் கடற்படை அதிகாரி. 1852இல் பர்மாவில் வாந்திபேதியில் இறந்தவரைக் கொண்டுவந்து இங்கே புதைத்தார்கள். ஜேன் ஆஸ்டினை வாசித்தவர்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், எனக்கொன்றும் இல்லை. ஆனால் எங்களுக்கும் எழுதிய சகோதரர்கள் இருவர் இருந்தார்கள். தி. த. கனகசுந்தரம்பிள்ளை, தி. த. சரவணமுத்துப்பிள்ளை. இரண்டு பேரும் திருகோணமலையில் பிறந்து சென்னைக்குப் போனவர்கள். மூத்தவர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கும் வேலையில் கிடந்தார். இளையவர் சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராக இருந்து, 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்கிறார்கள். கதை நடப்பது தஞ்சை, திருச்சி நாயக்கர் காலத்தில். நாற்பது வயதாகுமுன் 1902இல் செத்துப்போனார். இவர்கள் பிறந்த வீடு எது என்று நான் ஓட்டோக்காரரிடமும் கேட்டேன், புத்தகக்கடையிலும் கேட்டேன். ஆஸ்டினின் கல்லுக்குப் போகும் வழியைத்தான் எல்லாரும் காட்டினார்கள்.

இந்தக் கேள்வியைத்தான் நான் பெரியப்பாவிடமும் கேட்டுவைத்தேன். அவரோடு ஊர்ப் பெரியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காதீர்கள். கதைத்தால் உங்கள் விடுமுறை முடிந்தது.

அவரும் சில ஓய்வுபெற்ற ஆசிரியர்களுமாகத் ‘திருமலைப் பெருமக்கள்’ என்று ஒரு மலர் தயாரிக்கிறார்கள். கொப்பியில் பட்டியல் இருக்கிறது. நல்ல பட்டியல்தான். 1920களில் இங்கே இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய விபுலாநந்த அடிகள் இருக்கிறார். அடிகளுக்கு அடுத்த பக்கத்தில் எங்கள் பூட்டனாரும் இருக்கிறார்.

“தம்பி, பூட்டனார் நேவல் யாட்டிலை கிளாக்கர். அடிகளார் முன்னாலை தேவாரம் படிச்சவர். உனக்குத் தெரியாது, ஊரை விட்டு நீ போட்டாய்” என்றார் பெரியப்பா.

‘நீ போட்டாய்’ என்ற பிறகு மறுத்துப் பேச முடியாது. பூட்டனார் இங்கேதான் பிறந்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டுமென்று குழுவில் ஒருவர் நின்றுகொண்டாராம். வெளிநாட்டுப் பிள்ளை வந்து கேட்டால் பிறப்புப் பதிவு அலுவலகத்தில், அதுதான் கந்தோரில், கெதியாகச் செய்து தருவார்கள் என்று பெரியப்பா நம்பினார். நிலாவெளிக் கடலுக்குப் போகவேண்டிய காலையில் நான் கந்தோர் வாங்கில் இருந்தேன்.

பழைய பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுக்கப் போவதென்றால் இவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள். பதிவு இலக்கம், பிறந்த திகதி, எந்தப் பதிவாளர் பிரிவு என்ற மூன்றும் கையில் இருந்தால் வேலை சுலபம். இலக்கம் இல்லையென்றால் புத்தகத்தைத் தேடவேண்டும். அதற்குக் காசும் கூட, நேரமும் கூட. நாட்டில் பிறப்புப் பதிவு 1867இல்தான் தொடங்கியது, தொடங்கியவுடன் எல்லாரும் போய்ப் பதிந்துவிடவும் இல்லை. பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று வீட்டில் இருந்தே நான்கைந்து விதமாக எழுதிக்கொண்டு போங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் கந்தோர் பூட்டு. பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று முதலே கேளுங்கள். போட்டோ பிரதி எடுக்கும் கடை எதிரில் இருக்கும், ஆனால் உங்களுக்குத் தேவைப்படும் நேரத்தில் கரண்ட் இருக்காது.

அடுத்த கிழமை வாருங்கள் என்றார்கள். போனேன். புத்தகம் கட்டப் போயிருக்கிறது என்றார்கள். அப்புறம் போனபோது அலுவலர் லீவு. ஒவ்வொரு முறையும் பெரியப்பா வெள்ளைச் சேட்டும் மடித்த வேட்டியுமாக, விபூதியோடு, ஏதோ விருது வாங்கப் போகிறவராக வந்து நின்றார்.

கடைசியில் புத்தகம் வந்தது. விளிம்பெல்லாம் பூச்சி அரித்து, நடுவில் மட்டும் மை கறுப்பாக நின்றது. கந்தோரில் வேலைசெய்யும் பிள்ளை ஒருத்தி, இருபத்தைந்து வயதிருக்கும், தாள் கிழியாமல் அடிமட்டத்தைக் கீழே கொடுத்துக் கொடுத்துப் புரட்டினாள். ஒவ்வொரு வரியிலும் விரல் நகத்தை வைத்துப் பார்த்தாள். பெரியப்பா சொன்ன ஆண்டில் இல்லை. முன்னால் இல்லை, பின்னாலும் இல்லை.

“ஐயா, அவர் இஞ்சதான் பிறந்தவரெண்டு நிச்சயமாத் தெரியுமோ? அந்தக் காலத்திலை யாட் வேலைக்கு வெளியிலையிருந்து வந்த ஆக்கள் கன பேர்” என்றாள்.

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து பிளேன்ரீ குடிக்கும்போதுதான் என்மேல் பாய்ந்தார். “பூட்டனார் எங்க பிறந்தால் என்ன? இஞ்ச இருந்தவர், இஞ்ச செத்தவர். நீ இஞ்ச பிறந்தனி, எங்க சாகப்போறாய்?”

தேநீருக்கு நான்தான் காசு கொடுத்தேன். பூட்டனாரின் வண்ணப் பக்கத்துக்கும் நான்தான் கொடுத்தேன்.

அந்தக் கொப்பியை முழுதாக வாங்கி வாசித்தேன். 1977இல் முதன்முதலாக நாடாளுமன்றம் போய், 2015இல் எதிர்க்கட்சித் தலைவராகி, 2024 ஜூன் 30 அன்று 91 வயதில் மறைந்த இரா. சம்பந்தனுக்கு முழுப் பக்கப் படம். சரி. நாவலாசிரியை பாலேஸ்வரிக்கு ஒரே வரி. அது சரியில்லை, சொன்னேன். கடற்கரையில் காந்தி சிலைக்குக் கிட்ட 2006 ஜனவரி 2 அன்று சுடப்பட்ட ஐந்து மாணவர்களும், அவர்களின் சூட்டுக் காயங்களைப் படம் பிடித்து வெளியில் கொண்டுவந்து, அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் சுகிர்தராஜனும் ஏன் இல்லை என்று கேட்டேன். பெரியப்பா கொப்பியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். “அது நீ அங்க போய் எழுது. நாங்கள் இஞ்ச இருக்கிறம்.” நீங்களும் கேட்காதீர்கள். கேட்டுவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் நாங்கள்.

நேரம் மிஞ்சினால் மூதூர் போங்கள். முன்னர் அக்கரைக்குக் கடத்தும் படகுகளுக்காகக் காத்துக் கிடந்த பயணம் அது. 2009இல் கிண்ணியாப் பாலமும் பிறகு மற்றப் பாலங்களும் திறந்தபின் தரைவழியே லேசாகப் போய்வரலாம். 1660இல் ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது இந்தப் பக்கம்தான். பத்தொன்பது ஆண்டுகள் தடுப்பில் இருந்து தப்பியோடி, 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ‘தோணி’ சிறுகதை எழுதிய வ. அ. இராசரத்தினத்தின் ஊரும் மூதூர். பிறந்த ஊரிலேயே இருந்து எழுதிப் பெயரெடுத்தவர் அவர். மூதூர்க்காரர் அவரைப் பற்றி நின்று கதைப்பார்கள், வழி காட்டுவதோடு விடமாட்டார்கள். கொட்டியாரக்குடாப் பக்கமாய் வந்து நின்றால் அவர் கதைகளில் வரும் கடலும் தோணியும் அப்படியே கண்ணுக்கு முன்னால். ஒக்டோபருக்குப் பிறகு போகாதீர்கள், மழையும் கொந்தளிப்பும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கடல் அமைதி.

மலருக்குக் காசு கேட்பார்கள், கொடுப்பீர்கள். யார்தான் இல்லையென்று சொல்வது? கொடுப்பதென்றால் நேரே அச்சகத்துக்குக் கட்டுங்கள், அச்சுக்குப் போகுமுன் பக்கங்களை வாங்கிப் பாருங்கள். தருமு சிவராம் என்ற கவிஞர் பிரமிள் 1939இல் திருகோணமலையில் பிறந்து, தமிழ்நாட்டுக்குப் போய், 1997இல் வேலூருக்குக் கிட்டக் கரடிக்குடியில் இறந்தார். பெரியப்பாவின் கொப்பியில் அவர் பிறந்த ஆண்டும் பிழை, இறந்த ஊரும் பிழை. இரண்டையும் திருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். நீல அடையாளம் விழுந்திருக்கிறது. பதிலுக்குப் பூட்டனாரின் படம்தான் வந்தது, இன்னும் தெளிவாக ஸ்கான் பண்ணித் தரட்டாம்.