விலா எலும்பை எண்ணிப் பார்த்தீர்களா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். உயிரியல் பாடத்துக்கும் வேதாகமத்துக்கும் நடுவில் பிள்ளைகள் திணறினால், பெரும்பாலும் நாம் சொல்லிக்கொடுத்த விதம்தான் காரணம்.

ஆதாமின் விலா எலும்பிலிருந்து ஏவாள் உண்டானதால் ஆண்களுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்று இன்னும் சொல்கிறோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக 12 ஜோடிதான். ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆதாமின் பிள்ளைகளுக்கும் எலும்பு குறையும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ரப்பர் பால்மரம் வெட்டிய தாத்தா ஒருவருக்கு இடக்கையில் ஒரு விரல் பாதிதான். அவர் பிள்ளைகள் எல்லாருக்கும் பத்து விரலும் முழுசாக இருக்கின்றன. வெட்டுப்பட்ட விரல் பரம்பரையாக இறங்காது. இதைச் சொன்னதும் வகுப்பே விலாவைத் தடவி எண்ணத் தொடங்கியது.

ஏவாள் தின்றது ஆப்பிள் என்பதும் அப்படித்தான். வேதம் 'கனி' என்று மட்டுமே சொல்கிறது.

லேவியராகமம் 11-இல் வௌவால் பறவைகளோடு வருகிறது. அதைக் காட்டி வேதம் பொய் என்பதும் தவறு, அதற்காக வௌவாலைப் பறவையாக்குவதும் தவறு. அது எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்ற பட்டியல். அங்குள்ள எபிரெயச் சொல் பறப்பவற்றுக்கெல்லாம் பொது. வௌவால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பரிணாமத்தைப் பற்றிச் சபைக்குச் சபை கருத்து வேறு. படிக்காமலே மறுக்கச் சொல்லாதீர்கள். பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணி, 1866-இல் பாரம்பரிய விதிகளை வெளியிட்ட மெண்டல் ஒரு கிறிஸ்தவத் துறவி.

என் மனதை உறுத்துவது வேறொன்று. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, வண்டு மகரந்தம் சேர்ப்பதால் காய்க்கிறது என்று பேச்சு வந்தது. "வண்டுதான் செம்பனையைக் காய்க்க வைக்குதுன்னா, கடவுள் எதுக்கு டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். பக்கத்திலிருந்த பெரியவர் அதட்டி உட்கார வைத்துவிட்டார். கேட்ட பிள்ளையை அதட்டுவதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரியவில்லை. "நீ எறும்பினிடத்தில் போய், அதின் வழிகளைப் பார்த்து, ஞானத்தைக் கற்றுக்கொள்" என்று நீதிமொழிகளே அனுப்பி வைக்கிறதே!

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். முன்பெல்லாம் செம்பனைக்கு ஆட்கள் கையால் மகரந்தம் தூவினார்கள். 1981-இல் கேமரூன் நாட்டு வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு அந்த வேலை நின்றது. இளமரம் ஒன்றில் சோம்பு வாசம் வீசிய ஆண் பூவை வெள்ளைத் துணிமேல் தட்டினோம். கடுகைப்போலச் சின்ன வண்டுகள், உடம்பெல்லாம் மஞ்சள் தூள். அந்தப் பையன் குனிந்தபடியே இருந்தான். "ஆண்டவர் இதுக்கும் பேர் தெரிஞ்சு வச்சிருப்பாரா டீச்சர்?" என்றான்.