அரிசிப் பை ஃபிலிம் அச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரிசிப் பை ஃபிலிமாகும் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் ஆகிய பிளாஸ்டிக்குகள் இயல்பாக மையை ஏற்பதில்லை. திரவத்தைத் தன்மேல் பரவவிடும் திறனான மேற்பரப்பு ஆற்றல் அவற்றுக்கு ஏறத்தாழ 30 டைன் (அதை அளக்கும் அலகு) மட்டுமே என்பதால் மை பரவாமல் திரண்டு நின்றுவிடும். ஃபிலிமை உருளைமேல் ஓட்டி, உயர் மின்னழுத்த மின்னிறக்கத்தை அதன்மேல் செலுத்தும் கரோனா ட்ரீட்மென்ட் அந்த மேற்பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்து, கரைப்பான் மைக்குப் போதுமான 38 டைன் அளவுக்கு உயர்த்துகிறது. நீர் சார்ந்த மைக்கு 40-க்கும் மேல் வேண்டும்.

ஒருமுறை ஏறிய இந்த ஆற்றல் அப்படியே நிற்கும் என்று நம்புவதே டெல்டாவில் நான் மிகுதியாகக் காணும் தவறு. தை அறுவடைக்கான அரிசிப் பை ஃபிலிமைப் புரட்டாசியிலேயே வாங்கி, ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் கிடங்கில் அடுக்கி வைத்துவிட்டு, ரோலில் ஒட்டியுள்ள பழைய டைன் அளவை நம்பி அச்சில் ஏற்றுகிறார்கள். நாளாக நாளாக ஆற்றல் தானே குறைவதுடன், ஃபிலிம் ஒட்டாமல் வழுக்கி ஓடுவதற்காக அதில் கலந்துள்ள வழுக்குப் பொருள் மேலெழுந்து மைக்கும் ஃபிலிமுக்கும் இடையே படிந்துவிடுகிறது. கிடங்கின் வெப்பம் இதை விரைவுபடுத்தும். ஆகவே அச்சடிக்கும் நாளன்றே, ரோலின் நடுவிலும் இரு ஓரங்களிலும், கை படாத இடத்தில் சோதிக்க வேண்டும். குறிப்பிட்ட டைன் அளவுக்கான திரவம் நிரப்பிய டைன் பேனாவின் கோடு 2 விநாடி உடையாமல் நின்றால் அந்த அளவு இருக்கிறது என்று பொருள். மூடாமல் விட்ட பேனா காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தவறான அளவைக் காட்டும் என்பதால், கடலோர நாகப்பட்டினத்தில் இதில் கூடுதல் கவனம் தேவை. பல பேனாக்களில் உள்ள ஃபார்மமைடு நச்சுத்தன்மை உடையது. அதைக் கையில் படவிடக் கூடாது.

ட்ரீட்மென்ட் கூடினால் ஒட்டுதலும் கூடும் என்பது சரியன்று. அளவு மீறினால் மேற்பரப்பில் வலுவற்ற அடுக்கு உருவாகி, மை அதனோடு சேர்ந்தே உரிந்து வரும். பை ஓரங்களைச் சூட்டால் ஒட்டும் ஹீட் சீலும் கெடும். ஃபிலிமுக்கும் உருளைக்கும் இடையே காற்று புகுந்தால் பின்புறமும் ட்ரீட் ஆகி, அச்சடித்த ரோலின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எந்தப் பக்கம் ட்ரீட் ஆனது என்று பாராமல் அச்சடிப்பது எளிதில் தவிர்க்கக்கூடிய பிழை. கும்பகோணத்துக் காபித்தூள் பாக்கெட்டானாலும் மன்னார்குடி அரிசிப் பையானாலும், அச்சுப் பக்கம் உணவைத் தொடக்கூடாது என்பது 2018-ஆம் ஆண்டு உணவுப் பொதியல் விதிமுறைகளின் கட்டாயம்.

டைன் அளவு சரியாக இருந்தும் மை உரியலாம். அந்த ஃபிலிமுக்கு ஏற்ற மைதானா என்பதை, மை நன்கு காய்ந்தபின் செல்லோடேப் ஒட்டி உரித்துப் பார்த்து அறியலாம். ஆற்றல் குறைந்த ரோலை அச்சுக்குச் சற்று முன் மீண்டும் ட்ரீட் செய்து பயன்படுத்த முடியும். ஆனால் தயாரிப்பின்போதே ட்ரீட் செய்யப்படாத, வழுக்குப் பொருள் மேலே படிந்துவிட்ட பழைய ரோலைப் பின்னர் சரிசெய்வது மிகக் கடினம் என்பதால், அதை அச்சில்லாத பைக்கு ஒதுக்கிவிடுவதே நல்லது.