சென்னை மழைக்காலத்தில் இலகு எடை ஸ்போர்ட்ஸ் காரை வெட்டவெளியில் நிறுத்திக் காப்பது எப்படி?

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைப் படித்துவிட்டு ஓர் இலகுவான ஸ்போர்ட்ஸ் காரைத் திருவான்மியூரில் நிறுத்தி வைக்க முற்படுபவர், முதல் பக்கத்திலேயே குழம்பிப் போவார். அங்கே குளிர்காலம் என்றால் ரேடியேட்டரில் நீர் உறைவதும், பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பு அடிப்பகுதியை அரிப்பதும்தான் கவலைகள். நமக்கோ மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. நம்முடைய குளிர்காலம் ஐப்பசியில் தொடங்கும் அடைமழை. சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அந்தப் பருவக்காற்று கடலிலிருந்து வீசுவதால் உப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. ஆகவே இங்கே வண்டியைக் காப்பது என்பது, உள்ளே புகும் நீர் வெளியேறவும் நனைந்த பாகம் விரைவில் உலரவும் வழிசெய்து வைப்பதுதான்.

இக்குறிப்பு யாருக்கென்றால், 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, 1996-இல் வெளிவரத் தொடங்கிய லோட்டஸ் எலீஸ், நம் நாட்டிலேயே தயாரான சான் ஸ்டார்ம் போன்ற, இரண்டு இருக்கையும் துணிக்கூரையும் கொண்ட சிறு வண்டியை வைத்துக்கொண்டு, மூடிய கார் நிறுத்துமிடம் இல்லாமல் தவிப்பவர்களுக்கு. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கூரையுள்ள இடம் குடும்ப வண்டிக்குப் போய்விட்டது. என் செல்லப்பிள்ளை நான்கு மழைக்காலங்களாகச் சுற்றுச்சுவர் ஓரத்தில்தான் நிற்கிறது. புரட்டாசி பாதியில் வேலையைத் தொடங்கினால் நிதானமாக முடிக்கலாம்.

முதல் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

மற்ற எல்லாப் படிகளிலும் தவறு செய்தால் திருத்திக்கொள்ளலாம். இதில் செய்தால் முடியாது. முதலில் தரைமட்டத்தைப் பாருங்கள். இலகு எடை வண்டி வெள்ளத்தில் மற்ற வண்டிகளைவிட முன்னதாகவே மிதக்கத் தொடங்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வண்டியின் அடித்தளப் பரப்பு ஏறத்தாழ 5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது 10 சென்டிமீட்டர் ஆழம் நீரில் அமிழும்போதே அரை டன் நீரை விலக்குகிறது. அதாவது ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு அடித்தளத்திற்கு மேல் 20 சென்டிமீட்டர் நீர் போதும். தரைக்கும் அடித்தளத்துக்கும் இடைவெளி 13 சென்டிமீட்டர் என்றால், தெருவில் 33 சென்டிமீட்டர் நீர் நின்றாலே சக்கரங்கள் தரையை விட்டு எழும்பலாம். முதல் தலைமுறை எலீஸ் போல 725 கிலோ அளவே இருக்கும் வண்டிக்கு 28 சென்டிமீட்டரே போதும். கதவு இடுக்குகளில் நீர் உள்ளே புகுவதால் உண்மையில் சற்றுத் தாமதமாகலாம். ஆனால் மிதக்காத வண்டி உள்ளே குளமாகிவிட்ட வண்டி என்பதால் அதில் ஆறுதல் ஒன்றுமில்லை.

எனவே 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் உங்கள் தெருவில் நீர் எதுவரை ஏறியது என்று பழைய குடித்தனக்காரர்களிடமோ, முனைக்கடைக்காரரிடமோ கேளுங்கள். சுவரில் இன்றும் கறை தெரியும். அந்த அளவு முழங்காலுக்குப் பாதி உயரத்தைத் தாண்டியிருந்தால் அந்த இடத்தை மறந்துவிட்டு, மேட்டுப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டு முற்றத்தையோ, மாத வாடகைக்குக் கிடைக்கும் பல அடுக்கு நிறுத்துமிடத்தின் மேல்தளத்தையோ நாடுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் வண்டிகளை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிடுவதைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன், இப்போது செய்வதில்லை.

அடுத்து மேலே பாருங்கள். தென்னைக்குக் கீழே நிறுத்த வேண்டாம் என்பதை விளக்கத் தேவையில்லை. முருங்கைக்கிளை காற்றில் எளிதில் முறியும். தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் நீர்வடிகால் துளைகளை அடைப்பதற்கென்றே படைக்கப்பட்டவை போலிருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் மரநிழலை மழைக்காலத்தில் நம்பமாட்டார்கள். தரை சிமெண்டாகவோ கல் பாவியதாகவோ இருக்கட்டும். புல்தரையும் மண்தரையும் இரவெல்லாம் ஈரத்தை மேல்நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் படி: கழுவுதலும் உலர்த்துதலும்

அழுக்கின் மேல் கவர் போடுவது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். வண்டியை நன்றாகக் கழுவி, சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரால் அலசுங்கள். பல வீடுகளில் குழாயில் வரும் ஆழ்குழாய் நீரே உப்புக் கரித்தால், கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிநீர்க் கேன் ஒன்றைச் செலவிடலாம். ஃபைபர் உடல் துருப்பிடிக்காது என்பதால் சிலர் இப்படியை விட்டுவிடுகிறார்கள். உடல் ஃபைபராக இருந்தாலும் போல்ட்டுகள், பிரேக் குழாய்கள், சஸ்பென்ஷன் பாகங்கள் எல்லாம் உலோகம்தான். கழுவியபின் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் பிரேக் தட்டுகள் உலர்ந்திருக்கும். பிறகு மெழுகு பூசுங்கள்.

மூன்றாம் படி: கூரை வடிகால்

துணிக்கூரை வண்டிகளில் கூரையின் மேல் விழும் நீர் பின்புறத்தில் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இரு பக்கமும் உள்ள துளைகள் வழியாகக் கீழே இறங்குமாறு அமைத்திருப்பார்கள். எம்எக்ஸ்-5 வண்டியில் இவை இருக்கைகளுக்குப் பின்னால், பெல்ட் பொருத்தியிருக்கும் கோபுரங்களின் அருகே இருக்கின்றன. இலைச்சருகும் தூசியும் சேர்ந்து துளை அடைபட்டால், நீர் திரும்பி உள்ளே வழிந்து கம்பளத்துக்கு அடியில் தேங்கும். மேலே தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாசனை வந்தபின் தெரிந்து பயனில்லை.

ஒரு குவளை நீரை மெதுவாக அந்த வாய்க்காலில் ஊற்றுங்கள். ஊற்றிய வேகத்திலேயே வண்டிக்கு அடியில் பின்சக்கரத்துக்கு முன்னால் சொட்டினால் வழி சரியாக இருக்கிறது. இல்லையென்றால், தடித்த தூண்டில் நரம்பின் முனையைத் தீயில் காட்டி மழுங்கச் செய்து, துளைக்குள் மெல்ல விட்டுத் திருகுங்கள். கம்பியை விடாதீர்கள், உள்ளிருக்கும் ரப்பர் குழாய் கிழிந்துவிடும். பஞ்சர் கடையில் காற்றழுத்தம் அடித்துவிடச் சொல்வதும் வேண்டாம், குழாய் தன் பிடியிலிருந்து கழன்றுவிடக்கூடும். சரிசெய்தபின் தரைவிரிப்புகளை வீட்டுக்குள் எடுத்துவந்து விடுங்கள். காலடியில் செய்தித்தாள் ஒன்றை விரித்து வையுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அந்தத் தாளைப் பார்த்தாலே ஒழுகல் எங்கே என்று சொல்லிவிடும். இரண்டு ரூபாய்கூடச் செலவில்லாத இந்தக் கருவியைவிடச் சிறந்ததை நான் இதுவரை வாங்கியதில்லை.

நான்காம் படி: பேட்டரி

வண்டி நின்றிருக்கும்போதும் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கை மணியும் சிறிது மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது 30 மில்லி ஆம்பியர் என்றால் நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி; ஒரு மாதத்தில் ஏறக்குறைய 22. இலகு வண்டிகளில் எடை குறைக்கச் சிறிய பேட்டரிதான் வைப்பார்கள். 40 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ஆகவே 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் முதலில் எதிர்முனையையும் அதன்பின் நேர்முனையையும் கழற்றி, பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து காற்றோட்டமான இடத்தில் வைத்து, மாதமொரு முறை சார்ஜ் செய்யுங்கள். ஓய்விலிருக்கும்போது மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நலம், 12.4-க்குக் கீழே போகவிடாதீர்கள். மழையில் எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியே வண்டிக்கு இழுப்பது உயிருக்கே ஆபத்து. கவருக்கு அடியில் சூரியத்தகடு வைப்பதால் பயன் எதுவுமில்லை.

ஓர் எச்சரிக்கை. முதல் இரு தலைமுறை எம்எக்ஸ்-5 உட்படச் சில வண்டிகளில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கும். என் வண்டியின் டிக்கி மின்பொத்தானால் மட்டுமே திறக்கும் என்பது, பேட்டரியைக் கழற்றி டிக்கியைச் சாத்திய அடுத்த நொடியில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. உங்களுடையது எதனால் திறக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பெட்ரோல், ஆயில், டயர்

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பாதி டேங்கில் இருக்கும் காற்றில்தான் ஈரம் இருக்கும் என்பதால், டேங்கை நிரப்பி வைத்தால் அதற்கு இடம் குறையும். பழைய ஆயிலில் எரிப்பால் உண்டான அமிலங்கள் கலந்திருப்பதால், ஆயிலை நிறுத்துவதற்கு முன்னரே மாற்றுங்கள், பிறகல்ல. கூலண்ட் இங்கே உறைவதைத் தடுக்கத் தேவையில்லை என்று குழாய்த் தண்ணீரை ஊற்றுபவர்கள், அதிலுள்ள அரிப்புத் தடுப்பானை இழக்கிறார்கள்.

டயர்களில் வழக்கத்தைவிட 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்றடித்து வையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடாமல், கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். ஈரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டால் அதை விடுவிக்க மெக்கானிக்கைத் தேட வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: கவரும் எலியும்

தார்ப்பாயைத் தவிர்த்துவிடுங்கள். அது மழையை வெளியே நிறுத்தும், ஆனால் தரையிலிருந்து எழும் ஈரத்தை உள்ளே அடைத்து, வெயில் அடித்ததும் வேகவைக்கும். ஃபைபர் உடலின் பூச்சில் கொப்புளம் எழ இதுவே போதும். காற்று புகும் பல அடுக்குத் துணிக் கவரே வேண்டும். வயிற்றுப்பகுதியில் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிடில் காற்றில் படபடத்து பெயிண்டைத் தேய்க்கும். மழை விட்ட நாள்களில் பத்து மணிக்குக் கவரைக் கழற்றிக் கொடியில் போட்டு, கதவுகளை ஒரு மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யச் சோம்பினால் கவரே வேண்டாம் என்பேன். புயல் எச்சரிக்கை வந்தால் கவரை எடுத்துவிட்டு வண்டியை உயரமான இடத்துக்கு மாற்றுங்கள்.

வெள்ளத்தில் வளை மூழ்கியதும் எலிகளும் பெருச்சாளிகளும் மேடு தேடி வரும். சைலன்சர் வாயையும் காற்று இழுக்கும் குழாயையும் இரும்பு வலையால் மூடி, மூடியிருப்பதை மறந்து எஞ்சினை இயக்காமல் இருக்க ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டுங்கள். புகையிலை, அந்துருண்டை ஆகியவற்றை முயன்றிருக்கிறேன். எங்கள் தெரு எலிகள் அவற்றைப் பொருட்படுத்தியதில்லை. இருக்கைகளுக்கு அடியில் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, இளஞ்சிவப்பானதும் மாற்றுங்கள்.

ஏழாம் படி: இடையில் செய்யக்கூடாதது

வாரமொரு முறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் கெடுதல். ஆயில் முழுதாகச் சூடேறாத நிலையில், எரிப்பில் உண்டாகும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் நீராகத் தங்கிவிடும். சாலை காய்ந்திருக்கும் நாளில் அரைமணி நேரம் ஓட்ட முடிந்தால் பேட்டரியை மாட்டி ஓட்டுங்கள். முடியாவிட்டால் தொடாமல் விடுங்கள். வெள்ளநீர் எஞ்சின்வரை ஏறியிருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி இயக்கியதால் ஏற்படும் சேதத்தைச் சாதாரண காப்பீடு ஏற்காமல் போகலாம் என்பதால், எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று புரட்டாசியிலேயே பார்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: பொங்கலுக்குப் பிறகு

தை பிறந்து பனி விலகியதும், வலைகளை எடுத்து, பானெட்டுக்குள் கூடோ கடித்த வயரோ இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பேட்டரியை மாட்டும்போது நேர்முனை முதலில். டயர் காற்றை வழக்கமான அளவுக்குக் குறையுங்கள். பிரேக் மிதி இறுக்கமாக நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்தபின், சாவியை இரண்டு மூன்று முறை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பி பெட்ரோல் பம்பை ஓடவிட்டு, அதன்பின் எஞ்சினை இயக்குங்கள். முதல் ஒரு கிலோமீட்டர் ஈசிஆர் பக்கம் போகாமல் உள்தெருவிலேயே மெதுவாக ஓட்டி, பிரேக் தட்டின் மேல்துரு தேயும் கரகரப்பு அடங்கும்வரை மென்மையாக மிதியுங்கள். அடங்கவில்லையென்றால் திரும்பிவந்து சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.