கேமிங் மானிட்டர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை, வாங்கியதும் சோதிக்க வேண்டியவை

கேம் விளையாட மானிட்டர் தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது பெட்டிமேல் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘165 ஹெர்ட்ஸ், 1 எம்எஸ், எச்டிஆர்’ என்ற வரிதான். ஹெர்ட்ஸ் என்பது திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது, எம்எஸ் (மில்லிசெகண்ட்) என்பது ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, நிறம் மாற எடுக்கும் நேரம், எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வித்தியாசம் காட்டும் வசதி. இந்த மூன்றில் முதலாவதை நம்பலாம். இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது, குறைந்த விலை மானிட்டர்களில் பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம், ஒரே மாடலில் இரண்டு மானிட்டர் வாங்கினாலும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றின் மூலையில் வெளிச்சம் கசியும், இன்னொன்றில் ஒரு பிக்சல் எரியாமல் கிடக்கும். அதனால் நல்ல மாடலைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடியாது. வீட்டுக்கு வந்து சேர்ந்த அந்த ஒரு மானிட்டரை, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும். இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

இங்கே பேசப்போவது எல்சிடி மானிட்டர்களைப் பற்றி மட்டும். கடைகளில் ‘எல்இடி மானிட்டர்’ என்று விற்பதும் எல்சிடிதான். பின்னாலிருந்து வெளிச்சம் தருவது எல்இடி விளக்கு, அவ்வளவுதான்.

படி 1: கிராஃபிக்ஸ் கார்டைப் பாருங்கள்

மானிட்டர் படத்தைக் காட்டுகிறது, அதை வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. 1920×1080 (சுருக்கமாக 1080பி) திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் உண்டு. 2560×1440 (1440பி) திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது 1080பி-யைப்போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், கார்டு இத்தனையையும் வரைய வேண்டும்.

கேம்களை வாங்கி ஓட்டும் ஸ்டீம் செயலியின் செட்டிங்ஸில் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) எண்ணைத் திரையில் காட்டும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு, நீங்கள் வழக்கமாக விளையாடும் கேமில் எத்தனை ஃப்ரேம் வருகிறது என்று பாருங்கள். வாலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் போன்றவை சாதாரண கார்டிலேயே நூறைத் தாண்டும். எல்டன் ரிங் எவ்வளவு பெரிய கார்டு இருந்தாலும் 60-க்கு மேல் போகாது, கேமிலேயே அப்படிப் பூட்டியிருக்கிறார்கள். அதுபோன்ற கேம்களை மட்டும் விளையாடுகிறவர் 240 ஹெர்ட்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை நல்ல பேனலுக்கு, அதாவது படம் தெரியும் திரைப் பலகைக்கு, கொடுக்கலாம்.

படி 2: அளவும் ரெசல்யூஷனும் (பிக்சல் எண்ணிக்கை)

24 அங்குலத்தில் 1080பி என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். அதே 1080பி 27 அங்குலத்துக்கு விரிந்தால் 82 ஆகக் குறைந்துவிடும். மேசையில் உட்கார்ந்து பார்க்கும் தூரத்தில் எழுத்துகளின் ஓரம் சொரசொரப்பாகத் தெரியும். 27 அங்குலத்தில் 1440பி என்றால் 109. இது கண்ணுக்கு மிக இதமான அளவு. ஆகவே 1080பி போதும் என்றால் 24, கார்டில் தெம்பு இருந்தால் 27 அங்குல 1440பி. 27 அங்குல 1080பி விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், அந்த மானிட்டரில் படிப்பு, வேலை எல்லாமும் செய்யப்போகிறீர்கள்.

படி 3: எத்தனை ஹெர்ட்ஸ்

60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படத்தை மாற்றுகிறது. 144 ஹெர்ட்ஸ் 6.9 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, 240 ஹெர்ட்ஸ் 4.2 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. 60-லிருந்து 144-க்குப் போகும்போது கிட்டத்தட்ட 10 மில்லிசெகண்ட் மிச்சமாகிறது. 144-லிருந்து 240-க்குப் போனால் மிச்சம் மூன்றுகூட இல்லை. முதல் தாவலை யாரும் உணர்வார்கள். மவுஸை அசைத்த உடனேயே தெரியும். இரண்டாவது, போட்டிக்கு விளையாடுகிறவர்களுக்கு. புதிதாக வாங்குகிறவருக்கு 144 முதல் 180 வரை எது கிடைத்தாலும் சரி.

படி 4: பேனல் வகை

மற்ற எதையும்விட அதிக நேரம் யோசிக்க வேண்டியது இதைத்தான். எல்சிடி பேனலில் மூன்று குடும்பங்கள் உண்டு.

டிஎன் பழையது, வேகமானது. ஆனால் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ பார்த்தால் நிறம் மாறிவிடும். இன்று அதை வாங்கக் காரணம் இல்லை.

ஐபிஎஸ் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிறத்தை ஒரே மாதிரி காட்டும், வேகமும் இப்போது நன்றாகவே வந்துவிட்டது. அதன் பலவீனம் கறுப்பு. வழக்கமான ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சுமார் 1000:1. இருட்டு அறையில் கறுப்புத் திரை சாம்பல் பூத்ததுபோல் தெரியும், மூலைகளில் ஒரு மங்கலான ஒளியும் பரவும்.

விஏ பேனலின் கான்ட்ராஸ்ட் 3000:1 அளவுக்கு இருக்கும். கறுப்பு நிஜமாகவே கறுப்பாகத் தெரியும். ஆனால் அடர்ந்த நிறங்களுக்கிடையே மாறும்போது அதன் திரவப் படிகங்கள் மெதுவாகத்தான் திரும்புகின்றன. இரவுக் காட்சியில் கேமராவைத் திருப்பினால், கறுப்பு உருவங்களுக்குப் பின்னால் மை இழுத்ததுபோல் ஒரு தடம் வரும். விலை குறைந்த விஏ மானிட்டர்களில் இது அதிகம்.

என் கருத்து: வேகமான ஷூட்டிங் கேம்கள், பகல் வெளிச்சமுள்ள அறை என்றால் ஐபிஎஸ். விளக்கை அணைத்துவிட்டு நிதானமான கதை கேம்கள், சினிமா என்றால் விஏ. இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிற புதியவர் ஐபிஎஸ் எடுப்பதே பாதுகாப்பு.

படி 5: ‘1 எம்எஸ்’ என்பதன் பொருள்

ஒரு பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு மாற எடுக்கும் நேரத்தை ஜிடிஜி என்கிறார்கள். எல்லா மாற்றங்களுக்கும் ஒரே நேரம் ஆவதில்லை. அவற்றில் மிக வேகமான ஒன்றை, பிக்சலை வேகமாக மாறத் தூண்டும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்தில் வைத்து அளந்தாலும் அது பெட்டியில் 1 எம்எஸ் ஆகிவிடும். அந்த உச்ச ஓவர்டிரைவில் விளையாடவே முடியாதபடி படம் கெட்டிருக்கலாம்.

பெட்டியில் எம்பிஆர்டி என்று போட்டிருந்தால் கதையே வேறு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இடையில் பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு, கண்ணுக்குத் தெரியும் மங்கலைக் குறைக்கும் முறையில் கிடைக்கும் எண் அது. அந்த முறையை ஆன் செய்தால் வெளிச்சம் குறையும். பெரும்பாலான மானிட்டர்களில் அடாப்டிவ் சிங்க்கும் (இதைப் படி 6-ல் பார்ப்போம்) கூடவே ஆஃப் ஆகிவிடும்.

அதனால் பெட்டியை விட்டுவிட்டு, கருவி வைத்து அளக்கிறவர்களின் முடிவுகளைப் பாருங்கள். ஆர்டிங்ஸ், டிஎஃப்டி சென்ட்ரல், ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு போன்றவர்கள் பல நிற மாற்றங்களை அளந்து சராசரி சொல்கிறார்கள். மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினால் உள்ளே பேனலே வேறாக இருக்கலாம்.

படி 6: மிச்சமிருக்கும் சில

அடாப்டிவ் சிங்க் கட்டாயம் வேண்டும். கார்டு தரும் ஃப்ரேம் எண்ணிக்கைக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதால் படம் நடுவில் கிழியாது. அடாப்டிவ் சிங்க்குக்கு ஏஎம்டி நிறுவனம் வைத்த பெயர்தான் ஃபிரீசிங்க். அப்படிப் போட்ட மானிட்டரை என்விடியா கார்டிலும் பயன்படுத்தலாம். 2019 ஜனவரியிலிருந்து ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் அந்த வசதி உண்டு. அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் பயன்படுத்துவது நல்லது.

சில மானிட்டர்களில் முழு ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டும் வரும், எச்டிஎம்ஐ-யில் குறைந்துவிடும். விவரக்குறிப்பில் இதைத் தனியாகத் தேடிப் பாருங்கள். பிஎஸ்5 இணைக்கப்போகிறீர்களா? அதன் விஆர்ஆர் (அடாப்டிவ் சிங்க் போன்ற வசதி) வேலை செய்ய மானிட்டரில் எச்டிஎம்ஐ 2.1 விஆர்ஆர் ஆதரவு இருக்க வேண்டும்.

எச்டிஆர்: டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 என்ற சான்றிதழுக்குத் திரையின் பகுதிகளைத் தனித்தனியாக மங்கலாக்கும் லோக்கல் டிம்மிங் தேவையில்லை. 1000:1 ஐபிஎஸ் பேனலில் வெளிச்சத்தை 400 நிட்ஸுக்கு (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) ஏற்றினால் கறுப்பும் 0.4 நிட்ஸுக்கு ஏறிவிடும். இதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

படி 7: பெட்டி வந்ததும்

ஒட்டிய டேப்பைக் கிழிப்பதற்கு முன்பே மொபைலில் வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். திரை ஆன் ஆகும்வரை நிறுத்தாமல் எடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடத்தில் கடையில் வாங்குவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேபிளை மதர்போர்டில் இல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். அப்புறம் விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை நீங்களே மாற்றுங்கள். விண்டோஸ் பல நேரம் 60-லேயே விட்டுவிடும். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாதக்கணக்கில் 60-ல் ஓட்டுகிறவர்கள் உண்டு. மானிட்டர் மெனுவில் டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோடு இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். அரை மணி நேரம் எரியவிட்ட பிறகு சோதனையைத் தொடங்கலாம்.

படி 8: பிக்சலும் வெளிச்சக் கசிவும்

கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க வைத்துப் பாருங்கள். வெள்ளையில் கறுப்பாக நிற்கும் புள்ளி செத்த பிக்சல். கறுப்பில் சிவப்பாகவோ பச்சையாகவோ மின்னுவது சிக்கிக்கொண்ட பிக்சல். தூசியாக இருக்கலாம் என்பதால் முதலில் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

இதில் கெடு ஏன் முக்கியம் என்றால், பிக்சல் குறைகளுக்கு ஐஎஸ்ஓ 9241-307 என்ற தரநிலை இருக்கிறது, அதன் பல வகுப்புகளில் ஒரு சில குறைகள் அனுமதிக்கப்பட்டவை. ஒரே ஒரு செத்த பிக்சலுக்காக வாரண்டியில் போனால், அது வரம்புக்குள்தான் இருக்கிறது என்று நிறுவனம் திருப்பி அனுப்ப இடமுண்டு. கடையின் ரிட்டர்ன் கெடுவுக்குள் என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

அடுத்து அறையை இருட்டாக்கி, வழக்கமாக வைக்கும் பிரைட்னஸில் கறுப்புத் திரையைப் பாருங்கள். மூலையில் ஒளி தெரிந்தால் தலையைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். நகர்த்தும்போது அந்த ஒளியும் மாறினால் அது ஐபிஎஸ் பேனலின் இயல்பு. அசையாமல் அதே இடத்தில் மஞ்சளாக நின்றால் அது கசிவு. மொபைலில் படம் எடுத்து முடிவு செய்யாதீர்கள். கேமரா இருட்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும்.

படி 9: அசைவுச் சோதனை

பிளர் பஸ்டர்ஸ் குழுவினரின் யூஎஃப்ஓ டெஸ்ட் பக்கத்தைத் திறங்கள். ஒரு பறக்கும் தட்டு விநாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் நகரும். 144 ஹெர்ட்ஸில் மூன்று வரிசை தெரியும்: விநாடிக்கு 144, 72, 36 ஃப்ரேம். ஒரே இடத்தை முறைக்காமல் தட்டைக் கண்ணாலேயே பின்தொடர வேண்டும்.

60 ஹெர்ட்ஸில் அந்தத் தட்டு ஒவ்வொரு ஃப்ரேமிலும் 16 பிக்சல் தாவுகிறது. திரையோ அடுத்த படம் வரும்வரை பழையதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கண் நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்த 16 பிக்சலும் மங்கலாகப் பதிகின்றன. 144-ல் இது ஏழுக்கும் குறைவு. பிக்சல் எவ்வளவு வேகமாக மாறினாலும் இந்த மங்கல் இருக்கும். ஹெர்ட்ஸ் ஏறினாலோ, படி 5-ல் சொன்னதுபோல் பின்விளக்கை அணைத்து எரியவிட்டாலோதான் குறையும்.

இப்போது மானிட்டர் மெனுவில் ஓவர்டிரைவைத் தேடுங்கள். அஸுஸில் ட்ரேஸ் ஃப்ரீ, பென்கியூவில் ஏஎம்ஏ என்றெல்லாம் பெயர் மாறும். ஒவ்வொரு அளவிலும் தட்டின் வாலைக் கவனியுங்கள். அதே நிறத்தில் நீளமாக வால் இழுத்தால் ஓவர்டிரைவ் போதவில்லை, ஒரு படி ஏற்றுங்கள். வாலில் வெள்ளையாகவோ எதிர்நிறத்திலோ ஓர் ஒளிவட்டம் வந்தால் மிஞ்சிவிட்டது, ஒரு படி இறக்குங்கள். பெரும்பாலும் நடு அளவே சரியாக வரும். பிறகு 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றி அதே அளவில் மறுபடி பாருங்கள். வேகத்தில் சரியாக இருந்த ஓவர்டிரைவ், ஃப்ரேம் குறையும்போது ஒளிவட்டம் காட்டும் மானிட்டர்கள் நிறைய. கனமான கேம்கள் விளையாடுகிறவர் இரண்டிலும் சுமாராக இருக்கும் அளவை வைப்பது நல்லது.

அதே தளத்தில் ஃப்ரேம் ஸ்கிப்பிங் சோதனையும் இருக்கிறது, அதில் ஃப்ரேமுக்கு ஒன்றாகக் கட்டங்கள் வரிசையாக ஒளிரும். மொபைல் கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/10 விநாடியாக வைத்துத் திரையைப் படமெடுங்கள். கட்டங்கள் விடுபடாமல் தொடர்ச்சியாக ஒளிர்ந்திருக்க வேண்டும்; 144 ஹெர்ட்ஸில் சுமார் 14 கட்டங்கள். நடுவில் பல்லு போனதுபோல் இடைவெளி விழுந்தால், மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு மறுபடி எடுங்கள். அப்போதும் விழுந்தால் மானிட்டர் ஃப்ரேம்களைத் தவறவிடுகிறது என்று பொருள்.

படி 10: கேமுக்குள்

அடாப்டிவ் சிங்க்கை ஆன் செய்து, கேம் செட்டிங்ஸில் எஃப்பிஎஸ் வரம்பை 90, 70, 50 என்று இறக்கிக்கொண்டே கேமராவை வேகமாகத் திருப்புங்கள். படம் எங்கும் கிழியக் கூடாது. விஏ மானிட்டர் என்றால் லோடிங் திரையிலும் மெனுவிலும் வெளிச்சம் படபடக்கிறதா என்று பாருங்கள். ஓர் இரவுக் காட்சியில் கொஞ்ச நேரம் ஓடித் திரியுங்கள். கறுப்புத் தடம் உங்களை உறுத்துகிறதா என்பது எந்த எண்ணிலும் வராது.

லாகோம் தளத்தின் பிளாக் லெவல் படத்தில் அடர்ந்த கட்டங்கள் ஒன்றுக்கொன்று பிரிந்து தெரிகின்றனவா என்றும் ஒரு பார்வை. எல்லாம் கலந்து ஒரே கறுப்பாக இருந்தால் மானிட்டர் மெனுவில் காமாவை (இடைப்பட்ட நிறங்களின் வெளிச்ச அளவை) மாற்றிப் பாருங்கள். கறுப்பே வெளிறியிருந்தால், என்விடியா கண்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் ‘லிமிடெட்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஃபுல்’ ஆக்கினால் சரியாகிவிடும்.

எதற்குத் திருப்பிக் கொடுப்பது?

திரையின் நடுப்பகுதியில் மின்னும் பிக்சல், விளையாடும்போதே கண்ணில் படும் கசிவு, ஃப்ரேம் தவறுவது: இந்த மூன்றில் எது இருந்தாலும் யோசிக்காமல் திருப்புங்கள். ஓரத்தில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி என்றால் நான் வைத்துக்கொள்வேன், மாற்றி வருவது இதைவிட மோசமாகவும் இருக்கலாம். ஐபிஎஸ் ஒளிப் பரவலுக்காக மாற்றுவதில் பயனில்லை, அடுத்ததிலும் அது இருக்கும். முடிவு எடுக்கும்வரை பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மோகோலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; அவை இல்லாவிட்டால் மானிட்டரை எடுத்துப்போக வருகிறவர் வாங்க மறுக்கலாம்.