எஸ்எஸ்ஆர்எஸ்-ல் மறைப்பது வேறு, பூட்டுவது வேறு: ப்ராபர்ட்டீஸும் பர்மிஷனும் புதிதாகத் தொடுபவர்களுக்கு

உங்கள் ஆபீஸில் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் (சுருக்கமாக எஸ்எஸ்ஆர்எஸ், டேட்டாபேஸில் உள்ள தரவை ரிப்போர்ட்டாகக் காட்டும் சாஃப்ட்வேர்) ஓடுகிறது, இதுவரை பார்த்துக்கொண்டவர் வேறு டீமுக்குப் போய்விட்டார், இனி நீங்கள்தான் என்று தலையில் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2004-ல் வந்த சரக்கு. இந்தப் பெயரில் 2022 பதிப்புதான் கடைசி, அதற்கப்புறம் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர்தான் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. ஆனாலும் ஃபோல்டர், ரோல் (யார் என்னென்ன செய்யலாம் என்ற உரிமைத் தொகுப்பு), பர்மிஷன் எல்லாம் அங்கேயும் இதே மாதிரிதான், அதனால் கற்றது வீணாகாது. கீழே நான் சொல்லும் மெனுக்கள் 2016-லிருந்து இருக்கும் வெப் போர்ட்டலில் உள்ளவை.

படி 1: ப்ராபர்ட்டீஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

ப்ரவுசரில் சர்வர் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ரிப்போர்ட்ஸ் என்று அடித்தால் போர்ட்டல் வரும். ஒரு ரிப்போர்ட்டின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி மேனேஜ் கொடுங்கள். இடது பக்கம் ப்ராபர்ட்டீஸ், பாராமீட்டர்ஸ் (கிளை, தேதி மாதிரி ரிப்போர்ட்டுக்குக் கொடுக்கும் தேர்வுகள்), டேட்டா சோர்சஸ் (தரவு எங்கிருந்து வருகிறது என்பது), சப்ஸ்கிரிப்ஷன்ஸ் (ரிப்போர்ட்டைத் தானாக அனுப்பிவைக்கும் ஏற்பாடு), செக்யூரிட்டி என்று வரிசையாக இருக்கும். உங்களுக்குப் பர்மிஷன் எவ்வளவோ அவ்வளவுதான் தெரியும், எனவே செக்யூரிட்டியே காணவில்லை என்றால் போர்ட்டலைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் ரோல் போதவில்லை.

ப்ராபர்ட்டீஸில் பெயர், விளக்கம் இரண்டையும் மாற்றலாம். விளக்கத்தைத் தயவுசெய்து நிரப்புங்கள், "சேல்ஸ் ஃபைனல் புதுசு 2" என்று பெயர் வைத்த ரிப்போர்ட் எதற்கு என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. பெயரை மாற்றும்போது ஒரு கவனம்: முகவரியும் சேர்ந்தே மாறும், யாராவது புக்மார்க் போட்டிருந்தால் அது உடையும். டெலிட் இன்னும் மோசம், அந்த ரிப்போர்ட்டின் சப்ஸ்கிரிப்ஷன்களும் ஹிஸ்டரியும் (சேமித்துவைத்த பழைய பிரதிகள்) கூடவே போய்விடும்.

அதே பக்கத்தில் "ஹைட் திஸ் ஐட்டம்" என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. புதியவர்கள் விழுகிற குழி இதுதான். சம்பள ரிப்போர்ட்டில் டிக் போட்டுவிட்டு அப்பாடா என்று இருந்துவிடுவார்கள். அது பார்வைக்கு மட்டும் மறைகிறது. மேலே உள்ள வியூ மெனுவில் "ஷோ ஹிடன் ஐட்டம்ஸ்" என்பதைத் தட்டினால், பார்க்கும் உரிமை உள்ள எவருக்கும் அது அப்படியே தெரியும், நேர் லிங்க் தெரிந்தவருக்கு அதுகூடத் தேவையில்லை. வாசலில் திரை போட்டிருக்கிறீர்கள், பூட்டு போடவில்லை. யாரும் நேரடியாகத் திறக்கத் தேவையில்லாத துணை ரிப்போர்ட்களையும் டேட்டா சோர்ஸ்களையும் கண்ணில் படாமல் வைக்க இது நல்ல வசதி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

படி 2: ரோல்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பூட்டு இருக்கும் இடம் செக்யூரிட்டி. ப்ரவுசர் என்ற ரோல் (இணையம் பார்க்கும் ப்ரவுசர் இல்லை, இது ரோலின் பெயர்) உள்ளவர் ரிப்போர்ட்டைப் பார்க்கலாம், தனக்கென்று சப்ஸ்கிரிப்ஷன் போட்டுக்கொள்ளலாம். பப்ளிஷர் புதிய ரிப்போர்ட்களை ஏற்றலாம். கன்டென்ட் மேனேஜர் எல்லாம் செய்யலாம், பர்மிஷன் கொடுப்பது உட்பட. பெரும்பாலானவர்களுக்கு ப்ரவுசர் போதும், "சும்மா குடுத்துடுங்க, அடிக்கடி கேட்க முடியாது" என்று யார் கெஞ்சினாலும் கன்டென்ட் மேனேஜர் கொடுக்காதீர்கள். இவை தவிர சைட் செட்டிங்ஸில் சிஸ்டம் யூசர், சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று சர்வர் முழுமைக்குமான ரோல்கள் தனியாக உண்டு. ரிப்போர்ட் பில்டர் என்ற வடிவமைப்புக் கருவியில் ரிப்போர்ட் செய்பவர்களுக்கு சிஸ்டம் யூசரும் வேண்டும்.

படி 3: ஃபோல்டரில் கொடுங்கள், குழுவுக்குக் கொடுங்கள்

எந்த ஐட்டமும் தன் மேல் ஃபோல்டரின் செக்யூரிட்டியை அப்படியே எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஹோம் ஃபோல்டரில் ஒரு குழுவுக்கு ப்ரவுசர் கொடுத்தால், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் அது இறங்கும். இங்கே முக்கியமான விஷயம், எஸ்எஸ்ஆர்எஸ்-ல் "இவருக்கு மட்டும் கூடாது" என்று தடை போடும் வசதியே கிடையாது. கொடுப்பது மட்டும்தான் உண்டு, ஒருவர் இரண்டு குழுவில் இருந்தால் இரண்டு உரிமையும் சேர்ந்து கிடைக்கும்.

அதனால் சம்பள ரிப்போர்ட்களுக்குத் தனி ஃபோல்டர் போடுங்கள். அந்த ஃபோல்டரின் மேனேஜ் போய், செக்யூரிட்டியில் "கஸ்டமைஸ் செக்யூரிட்டி" தட்டுங்கள். மேல் ஃபோல்டரில் இருந்த பட்டியல் அப்படியே நகலாகி வரும். அதில் எல்லா ஊழியர்களும் உள்ள குழுவை நீக்கிவிட்டு, "ஆட் குரூப் ஆர் யூசர்" வழியாக ஹெச்ஆர் குழுவை டொமைன் (ஆபீஸின் விண்டோஸ் நெட்வொர்க்) பெயரோடு சேர்த்து அடித்து, ப்ரவுசரில் டிக் போட்டு ஓகே கொடுங்கள். நபர்களைத் தனித்தனியாகச் சேர்க்காமல் ஆக்டிவ் டைரக்டரி (ஆபீஸின் யூசர்களும் குழுக்களும் உள்ள பட்டியல்) குழுவாகச் சேர்த்தால், ஆள் மாறும்போது நீங்கள் போர்ட்டலையே தொட வேண்டாம்.

கஸ்டமைஸ் செய்த பிறகு ஹோமில் நீங்கள் செய்யும் மாற்றம் இந்த ஃபோல்டருக்கு வராது. பழையபடி ஆக்க வேண்டுமென்றால் "யூஸ் சேம் செக்யூரிட்டி ஆஸ் பேரன்ட் ஃபோல்டர்". இன்னொன்று, தனி செக்யூரிட்டி இல்லாத ரிப்போர்ட்டை இந்த ஃபோல்டரிலிருந்து வேறு ஃபோல்டருக்கு மூவ் செய்தால் புது இடத்தின் செக்யூரிட்டி ஒட்டிக்கொள்ளும். சம்பள ரிப்போர்ட்டை யாராவது "ஒழுங்குபடுத்துகிறேன்" என்று பொது ஃபோல்டருக்கு நகர்த்தினால் கதை முடிந்தது.

சர்வரின் லோக்கல் அட்மினிடமிருந்து எதையும் ஒளிக்க முடியாது என்பதையும் ஹெச்ஆரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தாலும் செக்யூரிட்டியை மாற்றும் உரிமை அவருக்கு இருந்துகொண்டேதான் இருக்கும்.

படி 4: பாராமீட்டரிலும் இதே கதை

ஒரே விற்பனை ரிப்போர்ட், மதுரைக் கிளைக்கு மதுரை மட்டும், கோவைக்குக் கோவை மட்டும் தெரிய வேண்டும். ரிப்போர்ட் பில்டரில் கிளை பாராமீட்டரின் ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் விசிபிள், ஹிடன், இன்டர்னல் என்று மூன்று இருக்கும். ஹிடன் என்றால் பெட்டி திரையில் வராது, ஆனால் முகவரியின் வாலில் வேறு கிளையின் பெயரைச் சேர்த்து அடித்தால் ரிப்போர்ட் அதைச் சமர்த்தாக ஏற்றுக்கொள்ளும். இன்டர்னல் அப்படி ஏற்காது. ஆள் பார்த்துத் தரவு மாற வேண்டும் என்றால், பில்ட்-இன் ஃபீல்டுகளில் உள்ள யூசர் ஐடியை, டேட்டாபேஸிலிருந்து தரவைக் கேட்டு வாங்கும் குவெரிக்கு அனுப்பி, யாருக்கு எந்தக் கிளை என்று வைத்திருக்கும் டேபிளோடு இணைத்து வடிகட்டுவதுதான் சரியான வழி. அப்படிச் செய்த ரிப்போர்ட்டுக்கு கேஷிங் (ஒருமுறை வந்த விடையைச் சேமித்து எல்லோருக்கும் காட்டுவது) ஒத்துவராது, ஆளுக்கு ஆள் விடை மாறுகிறதல்லவா.

படி 5: சோதியுங்கள்

உங்கள் லாகினில் எல்லாம் திறக்கும், அது சோதனையே ஆகாது. ஹெச்ஆரில் இருக்கும் ஒருவரையும், அங்கே இல்லாத ஒருவரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறக்கக் கூடாதவருக்கு "ஆர்எஸ் ஆக்சஸ் டினைடு" என்று முடியும் செய்தி வந்தால் வேலை சரியாக நடக்கிறது.

திறக்க வேண்டியவருக்கே அது வந்தால், முதலில் அந்தச் செய்திக்குள் இருக்கும் யூசர் பெயரைப் படியுங்கள், பல நேரம் அவர் வேறு அக்கவுன்ட்டில் நுழைந்திருப்பார். பெயர் சரிதான் என்றால் குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். இப்போதுதான் சேர்த்திருந்தால் லாக் ஆஃப் செய்துவிட்டு மறுபடி வரச் சொல்லுங்கள். அதுவும் சரி, நேர் லிங்கில் திறக்கிறது, போர்ட்டல் வழியாகப் போனால்தான் வரவில்லை என்கிறாரா? ஹோமிலும் நடுவில் உள்ள ஃபோல்டர்களிலும் அவருக்கு ப்ரவுசர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள், எங்கோ ஒரு இடத்தில் யாரோ கஸ்டமைஸ் தட்டியிருப்பார்கள்.