ஜிம் தோர்ப் மாதிரி ஒருவரைப் பற்றி எழுத உட்காரும்போது

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நடத்தும் கையெழுத்து இதழுக்கு மாதம் ஒரு பழைய விளையாட்டு வீரரைப் பற்றி எழுதிக் கொடுக்கிறேன். ஒரே ஆட்டம் ஆடியவர் என்றால் கதை நேராகப் போய்விடும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற அமெரிக்கர் ஜிம் தோர்ப் அப்படி அடங்க மாட்டார். தடகளம், அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால் மூன்றும் அவர் வாழ்க்கையில் பின்னிக் கிடக்கின்றன. அவரை எழுதப் போய் நான் பழகிக்கொண்ட வழி இது.

முதலில் ஒரு சார்ட் தாளை விரித்துக் கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் வருடம். மேலே வசந்தம், கோடை, இலையுதிர் காலம் என்று மூன்று பத்தி. அங்கே கோடை என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். நம் சித்திரை வெயிலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நான்காவதாக இன்னொரு பத்தி கட்டாயம் வேண்டும்: ‘காசு யார் கொடுத்தது?’

இந்தப் பத்தி இல்லாமல்தான் நான் முதலில் எழுதினேன். காசு வாங்கி ஆடியவர்களுக்கு அன்று ஒலிம்பிக்கில் இடமில்லை; பணத்துக்கு ஆடியதால் ஒலிம்பிக் பதக்கம் போயிற்று என்று ஒரு வரி. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி படித்துவிட்டு, “சார், அவர் நியூயார்க் ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணியில் சேர்ந்ததே 1913ல்தானே? ஒலிம்பிக் 1912. அப்புறம் எப்படி?” என்று கேட்டாள். அன்று மாலையே கட்டத்தைத் திரும்பப் போட்டேன். பதில் 1909, 1910 கோடைக் கட்டங்களில் இருந்தது. வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் ஊரில் சின்னச் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியிருக்கிறார். 1913 ஜனவரியில் அது செய்தித்தாளில் வந்தது. ஆட்சேபம் சொல்ல 30 நாள்தான் கெடு என்று ஸ்டாக்ஹோம் விதி சொன்னது. ஆறு மாதம் கழித்து வந்த புகாரை வைத்துப் பதக்கங்களைப் பறித்தார்கள். இந்த அநியாயத்தை எழுத அடைமொழி எதுவும் வேண்டாம். தேதிகளை வரிசையாக வைத்தாலே போதும்.

ஆட்டத்தை விளக்காமல் எண்ணைக் கொடுக்காதீர்கள். அமெரிக்கக் கால்பந்து என்றதும் நம் பிள்ளைகள் மனதில் வேறு கால்பந்துதான் வரும். 1911ல் அவர் படித்த கார்லைல் பள்ளி, ஹார்வர்டு பல்கலைக்கழக அணியை 18-15 என்று வென்றது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் அன்று 3 புள்ளி. தோர்ப் அப்படி நான்கு முறை உதைத்தார். 18ல் 12 அவர் காலிலிருந்து வந்தது என்று எழுதினால் யாருக்கும் புரியும். பத்துத் தடகளப் போட்டிகள் சேர்ந்த டெகத்லானும் அப்படித்தான். 1912 அட்டவணைப்படி அவர் எடுத்தது 8412 புள்ளி. இன்றைய அட்டவணையில் அதே ஓட்டமும் தாண்டலும் 6564 ஆகிவிடும். எனவே இன்றைய வீரரோடு ஒப்பிடாதீர்கள். அதே களத்தில் இரண்டாவதாக வந்த ஸ்வீடன்காரர் ஹ்யூகோ வீஸ்லாண்டரோடு ஒப்பிடுங்கள்: அவருக்கு 7724.

கார்லைலை வெறும் ‘கல்லூரி’ என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது. அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகளின் முடியை வெட்டி, மொழியை மறக்கடிக்க 1879ல் தொடங்கிய விடுதிப் பள்ளி அது. தோர்ப் சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற பூர்வகுடி இனத்தவர். வா-தோ-ஹக் என்ற சொந்தப் பெயரும் அவருக்கு உண்டு. அதைச் சேர்த்து எழுதுங்கள். ‘பிறவித் திறமை’ என்ற சொல்லை நான் அடித்துவிட்டேன். ஸ்வீடனுக்குப் போன கப்பலில் அவர் தூங்கிக்கொண்டே போனார் என்று ஒரு கதை உலவுகிறது. கூடப் போன வீரரோ அவர் கப்பலிலும் ஓடிப் பயிற்சி செய்ததைச் சொல்லியிருக்கிறார். அந்த உழைப்பை மறைக்கும் எந்தச் சொல்லும் எனக்கு உறுத்தும்.

1912 வந்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். கட்டத்தில் பாதிக்குமேல் அதற்குப் பிறகுதான். 1915ல் கேன்டன் புல்டாக்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்து அவரைக் கூட்டிப் போனது. 1919ல் கோடையில் பாஸ்டன் பிரேவ்ஸுக்குப் பேஸ்பால், இலையுதிர் காலத்தில் மறுபடியும் கேன்டன். 1920ல், பின்னாளில் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக் ஆன அமைப்புக்கு முதல் தலைவர். அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தார். 1928 வரை களம் இறங்கினார். 1953ல் இறந்தார். பதக்கங்களின் நகல்கள் அவருடைய பிள்ளைகள் கைக்கு வந்தது 1983ல். இணை வெற்றியாளர் இல்லை, அவர் ஒருவரே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு ஒப்புக்கொண்டது 2022ல். ஆகவே கடைசிக் கட்டம் 1953 இல்லை. தாள் நீளமாக இருக்கட்டும்.

படம் ஒன்று போட இடம் இருந்தால் ஸ்டாக்ஹோமில் எடுத்ததைப் போடுங்கள். கால்களை உற்றுப் பாருங்கள்: இரண்டு ஷூவும் வேறு வேறு, சாக்ஸும் ஜோடி இல்லை. அவருடைய ஷூ திருட்டுப் போனது, குப்பைத் தொட்டியில் கிடைத்ததை மாட்டிக்கொண்டார் என்பார்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் ‘என்று சொல்கிறார்கள்’ சேர்த்துவிடுங்கள். ஜோடி சேராத ஷூ படத்திலேயே இருக்கிறது.