மலையில் எழுத்து மேசை போடுவது எப்படி?

மதுரையில் எழுத உட்காருகிறவருக்கு மேசை, நாற்காலி, ஃபேன் மூன்றும் இருந்தால் வேலை நடந்துவிடும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்களும் அதே கணக்கோடுதான் வருகிறார்கள். முதல் மழைக்காலம் முடிவதற்குள் நோட்டு அட்டையில் பூசணம் பூத்துவிடும், பேப்பர் நமத்துவிடும், மேசையின் ஓரம் உப்பிவிடும். இங்கே முதலில் ஈரத்துக்கு வழி பண்ண வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

படி 1: சுவரைத் தொட்டுப் பாருங்கள்

மேசை வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. காலை ஆறரை ஏழு மணிக்கு அறையின் நான்கு சுவர்களிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெளிச்சுவர் ஜில்லென்று இருக்கும். சில வீடுகளில் கையில் லேசாக ஈரமும் ஒட்டும். நம் மூச்சிலும் கெட்டில் ஆவியிலும் இருக்கிற ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. மேசையையோ புத்தக அலமாரியையோ அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்னால் காற்று ஓடாது. பூசணம் அங்கேதான் ஆரம்பிக்கும், நாலைந்து மாதம் கழித்து அலமாரியை நகர்த்தும்போதுதான் கண்ணில் படும்.

அடுத்த அறைக்கும் பொதுவான உள்சுவர்தான் நல்லது. அடுப்படியை ஒட்டிய சுவர் கிடைத்தால் விடாதீர்கள். வெளிச்சுவரைத் தவிர வேறு இடமே இல்லையென்றால் 10 செ.மீ. இடைவெளி விட்டுப் போடுங்கள்.

ஜன்னல் கிழக்குப் பார்த்து இருந்தால் காலை வெயில் உள்ளே வந்து அறையைக் காய வைக்கும். மேசையை ஜன்னலுக்கு நேர் எதிரே போடாமல் பக்கவாட்டில் போடுங்கள். நேர் எதிரே உட்கார்ந்தால் வெளி வெளிச்சம் கண்ணைக் கூசும், முதுகு காட்டி உட்கார்ந்தால் திரையில் ஜன்னல்தான் தெரியும். வலது கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும். அப்போதுதான் கை நிழல் வரி மேல் விழாது. மேகம் இறங்கிவிட்டால் மூன்று மணிக்கே இருட்டும் என்பதால், 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்ட மேசை விளக்கு ஒன்று அவசியம்.

படி 2: மேசை, நாற்காலி

கடையில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். உட்கார்ந்து முழங்கையை மடக்கினால் அது மேசை மட்டத்தில் இருக்க வேண்டும், பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும். உயரம் குறைந்தவர்கள் நாற்காலியை ஏற்றிக்கொண்டு காலடியில் பலகை போட்டுக்கொள்ளலாம். விலை மலிவு என்று பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை) மேசை வாங்காதீர்கள். ஓரத்தில் ஈரம் புகுந்தால் பிஸ்கட் மாதிரி உப்பும், பிறகு திருகாணி நிற்காது. பழைய மரச்சாமான் கடையில் கிடைக்கும் பள்ளிக்கூட மேசையே மேல்.

தரைக் குளிர் லேசுப்பட்டதல்ல. கோரைப்பாயை இரண்டாக மடித்துப் போட்டு அதன்மேல் பழைய கம்பளியை விரித்துக் கால் வையுங்கள். கால் விறைத்தால் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுவீர்கள். எழுத்து வரவில்லை என்று பழியை வேறெங்கோ போடுவீர்கள்.

படி 3: ஈரத்தைக் கட்டுவது

அறையின் ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி மேசைமேல் வையுங்கள். 40 முதல் 60 சதவீதம் வரை காகிதத்துக்கு நல்லது. 70-ஐத் தாண்டிச் சில நாள் அப்படியே நின்றால் பூசணம் வரப்போகிறது என்று அர்த்தம். கூடலூர், நடுவட்டம், ஊட்டியின் மேற்குப் பக்கம் இருப்பவர்களுக்குச் சோதனை ஜூன் முதல் செப்டம்பர் வரை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் அடைமழை. உங்கள் ஊர் எந்த மழையில் அதிகம் நனைகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பே தயாராகுங்கள்.

அறை முழுவதையும் உலர்த்த முடியாது, டப்பாவை உலர்த்தலாம். ரப்பர் விளிம்போடு இறுக்கமாக மூடும் 15 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். அடியில் துணிப்பையில் 200 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்), மேலே நோட்டுகள், கையெழுத்துப் பிரதிகள், ஹார்ட் டிஸ்க். நிறம் மாறும் மணிகளாகப் பார்த்து வாங்குங்கள். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும், உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு நிறத்தை எடுங்கள். ஈரத்தைக் குடிக்கக் குடிக்க ஆரஞ்சு பச்சையாகும். முக்கால்வாசி பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும், திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

எல்லோரும் செய்கிற தப்பு, சிலிக்கா ஜெல்லைத் திறந்த அலமாரியில் வைப்பது. அது நீலகிரி முழுவதையும் உலர்த்தப் பார்த்து ஒரே நாளில் பச்சையாகிவிடும். டப்பாவைச் சும்மா சும்மா திறப்பதும் அப்படித்தான். அன்றைக்கு வேண்டியதை ஒரே தடவையில் எடுத்துவிட்டு மூடிவிடுங்கள்.

பிரிண்டர் பேப்பர் கட்டை முழுசாகப் பிரித்து அடுக்காதீர்கள். நமத்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு மூன்றாக உள்ளே போய்ச் சிக்கும். இருபது தாளை மட்டும் உருவிக்கொண்டு உறையை மடித்து டேப் ஒட்டுங்கள். கையெழுத்துக்கு 80 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைக் காட்டும் அளவு) அல்லது அதற்கு மேற்பட்ட நோட்டு வாங்குங்கள். மெல்லிய தாள் நமத்தால் மை பரவி அடுத்த பக்கத்தில் தெரியும்.

ஏற்கெனவே பூசணம் பிடித்த புத்தகத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், இன்னும் பரவும். காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காய வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

இங்க் பேனாக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது சுமார் 1,900 மீட்டர் உயருகிறோம், காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பாதி மை நிரப்பிய பேனாவுக்குள் இருக்கும் காற்றும் அதே போல விரிந்து மையை நிப் வழியே தள்ளும். மூடியைத் திறந்தால் விரலெல்லாம் நீலம். மலை ஏறும் நாளில் பேனாவை முழுக்க நிரப்புங்கள், இல்லை முழுக்கக் காலி செய்யுங்கள். நிப் மேல்பக்கம் பார்க்கும்படி சட்டைப்பையில் செருகுங்கள்.

படி 4: குளிர்

2,000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். அதை 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகினால் பிளக் உருகும். 16 ஆம்பியர் சாக்கெட் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மடியில் வெந்நீர்ப் பை, விரல் நுனி இல்லாத கம்பளிக் கையுறை, குல்லா மூன்றும் இருந்தால் பல நாள் ஹீட்டரே தேவைப்படாது.

கரிச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும், உயிர் போய்விடும்.

வெளியே குளிரில் கொண்டுபோன லேப்டாப்பைச் சூடான அறைக்குள் வந்ததும் திறக்காதீர்கள். பைக்குள்ளேயே அரை மணி முதல் ஒரு மணி நேரம் இருக்கட்டும். உடனே திறந்தால் குளிர்ந்த உலோகத்தில் நீர் கோக்கும்.

படி 5: கரண்ட்

காற்று மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் வர எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. டெஸ்க்டாப்புக்கு, கரண்ட் போனதும் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓட்டும் யு.பி.எஸ். (600 வி.ஏ. திறன்) வைத்திருந்தாலும் அது சேமித்துவிட்டு அணைக்கத்தான். உட்கார்ந்து எழுத அல்ல. ஹீட்டரையும் கெட்டிலையும் இன்வெர்ட்டர் லைனில் போடாதீர்கள். தானாகச் சேமிக்கும் நேரம் பல மென்பொருள்களில் பத்து நிமிடம் என்று இருக்கும், அதை இரண்டு நிமிடமாக்குங்கள்.

படி 6: தட்டச்சு

கணினியில் தமிழை நேரடியாக அடிக்கும் தமிழ் 99 விசைப்பலகை அமைப்பைப் பழகுங்கள். உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் வலது கையில். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஆங்கில எழுத்து வழியாக அடிப்பதைவிடத் தட்டு குறையும். குளிரில் விரல் விறைக்கிற ஊரில் அது சின்ன லாபமில்லை. தினமும் இருபது நிமிடம் பழகுங்கள். ஆரம்பத்தில் வேகம் குறையும், அந்த நாட்களில் பழைய முறைக்கு ஓடிவிடாதீர்கள்.

படி 7: நாள் எப்படிப் போக வேண்டும்

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து எழுதும் யோசனை சமவெளிக்குச் சரி. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் அது இங்கே ஒரு வாரம்கூடத் தாங்காது. வெயில் அறைக்குள் வந்த பிறகு, எட்டரை மணிக்கு, ஜன்னலைப் பதினைந்து நிமிடம் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள். வெளியே மூடுபனியாக இருந்தால் திறக்க வேண்டாம். புது எழுத்தெல்லாம் பதினொன்றரைக்குள். நாற்பது நிமிடம் எழுதினால் ஐந்து நிமிடம் எழுந்து கையைத் தேய்த்துக்கொண்டு நடங்கள். டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், டம்ளரில் வைத்த டீ நாலு வரி முடிவதற்குள் ஆறிப்போகும்.

தொடக்கத்தில் நாளுக்கு 300 சொல் போதும். எத்தனை சொல் என்று தேதி போட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறியுங்கள். மேகம் இறங்கிய பிற்பகலைத் திருத்தம், தட்டச்சு, கடிதங்களுக்கு விட்டுவிடுங்கள்.

சாயங்காலம் எழுந்திருக்கும் முன் ஐந்து நிமிட வேலை உண்டு. அன்றைய கோப்பைப் பென்டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று என்று நகல் எடுங்கள். ஹீட்டர் பிளக்கைப் பிடுங்குங்கள். நோட்டையும் பேனாவையும் டப்பாவில் போட்டு, மணிகள் எவ்வளவு பச்சையாகியிருக்கின்றன என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான்கு மூலையிலும் அழுத்தி மூடுங்கள்.